செம்பருத்தி இலையின் மாவுச்சத்து இரவில் எங்கே போகிறது? வீட்டிலேயே செய்து பார்க்கும் முறை

ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் வளரும் செம்பருத்தியை வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக இந்தச் சோதனையைச் செய்யத் தொடங்கினேன். இரண்டு முறை வராமல் போய், மூன்றாம் முறை தெளிவாக வந்தது. இலையில் மாவுச்சத்து உண்டு என்று காட்டுவதோடு பள்ளிச் சோதனை முடிந்துவிடும். பகலில் சேர்ந்தது விடிவதற்குள் செலவாகிவிடுவதைக் கண்ணால் காண இரண்டு இலைகள் வேண்டும்.

முதலாவதாக, நாள் முழுவதும் வெயில் பட்ட முதிர்ந்த இலை ஒன்றை மாலை ஐந்தரை மணிக்குப் பறித்து, உடனே கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். நொதிகள் செயலிழப்பதால் அதிலுள்ள மாவுச்சத்து அப்படியே நின்றுவிடும். அதே கிளையில் ஏறக்குறைய அதே வயதுடைய மற்றோர் இலையை மறுநாள் சூரியன் எழுமுன் பறித்து, அவ்வாறே செய்யுங்கள். அயோடின் மாவுச்சத்தை நீலமாக்கும். கடைசியில் அதை இடும்போது விடியற்கால இலையில் சிறிது நீலம் எஞ்சினால், தொட்டியை அட்டைப்பெட்டியால் மூடி இரண்டு நாள் வைத்திருந்து மீண்டும் முயலுங்கள்.

அடுத்து பச்சையத்தை நீக்க வேண்டும். இதற்குச் சென்னை ரிச்சி தெருவில், செல்போன் பலகைகளைத் துடைப்பதற்கென்று விற்கும் நிறமற்ற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையே நான் விரும்புகிறேன். கைகழுவும் சானிடைசர் கூழில் வேறு பொருள்கள் கலந்திருப்பதால் அது வேண்டாம். ஆல்கஹாலை ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள். அடுப்பை முற்றிலும் அணைத்துவிட்டு, சுடுநீர்ப் பாத்திரத்தை வேறோர் அறைக்கு எடுத்துச் சென்று, ஜன்னலைத் திறந்து வைத்து, அந்த நீருக்குள் ஆல்கஹாலும் இலையும் உள்ள கண்ணாடிக் குவளையை நிறுத்துங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். இலை வெளிறும் வரை பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

ஆல்கஹாலில் இருந்து வெளிவரும் இலை விறைத்து, தொட்டால் ஒடியும். அதை வெந்நீரில் நனைத்து மென்மையாக்க வேண்டும். நான் தடுமாறியது இங்கேதான். முதல் இரு முறையும் அந்த வெந்நீர்த் தட்டிலேயே அயோடினை ஊற்றியதால், நீல நிறம் வரவே இல்லை. மாவுச்சத்திலுள்ள அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலி சுருள் வடிவில் வளைந்து, அந்தச் சுருளுக்குள் அயோடின் அமரும்போதுதான் கருநீலம் தோன்றும். வெப்பம் மிகுந்தால் அந்தப் பிணைப்பு கலைந்து நிறம் மறையும். ஆகவே இலையைக் குளிர்ந்த நீருக்கு மாற்றி, நன்றாக ஆறிய பின்பே வெள்ளைத் தட்டில் விரித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடினை நீரில் பத்து மடங்கு கலந்து சொட்டுச் சொட்டாக இடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, இலையை நீரில் அலசிப் பாருங்கள். மாலை இலை கருநீலமாக இருக்கும். விடியற்கால இலை பழுப்பாகவோ மங்கிய நீலமாகவோ இருக்கும்.

இந்த வேறுபாட்டின் பின்னணி பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது. பகலில், கரியமில வாயுவைச் சர்க்கரைப் பொருளாக்கும் கால்வின் சுழற்சியிலிருந்து கிடைக்கும், மூன்று கரியணுக்கள் கொண்ட ட்ரையோஸ் பாஸ்பேட், பசுங்கணிகத்தின் உட்சவ்விலுள்ள ஒரு கடத்திப் புரதத்தின் வழியாக வெளியேறுகிறது. ஒவ்வொரு மூலக்கூறு வெளியேறும்போதும் ஈடாக ஒரு பாஸ்பேட் உள்ளே வர வேண்டும். வெளியே சென்றது சுக்ரோஸ் என்னும் சர்க்கரையாகி, உணவைக் கடத்தும் திசுவான புளோயம் வழியே வேருக்கும் மொட்டுக்கும் போகிறது. அப்போது விடுபடும் பாஸ்பேட்டே உள்ளே திரும்புகிறது. சுக்ரோஸ் உற்பத்தி மந்தமானால் பாஸ்பேட் திரும்புவதும் குறைந்து, கரி உள்ளேயே தங்கி மாவுச்சத்தாகச் சேரும். இரவில் பாதையே மாறிவிடுகிறது: மாவுச்சத்து உடைந்து பெரும்பாலும் மால்டோஸ் என்னும் சர்க்கரையாகவும் ஓரளவு குளுக்கோஸாகவும் மாறி, அவை தத்தமக்குரிய வேறு கடத்திகள் வழியே வெளியேறுகின்றன. மால்டோஸுக்கான கடத்தி, ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் கண்டறியப்பட்டது 2004இல்தான். அது பழுதான செடியில் மால்டோஸ் வெளியேற வழியின்றி உள்ளேயே குவிந்து, வளர்ச்சி குன்றுகிறது. அந்தச் செடியின் இயல்பான வகை, இரவு முழுவதற்கும் அளந்து செலவிடுவதுபோல ஏறக்குறைய சீரான வேகத்தில் மாவுச்சத்தைக் கரைத்து, விடியும்போது மிகச் சிறிதளவையே மிச்சம் வைக்கிறது என்பதை நான் பெரிதும் வியந்து படித்தேன்.

பிற்சேர்க்கை: வெங்காயத் தாளில் மாலையிலும் நீலம் வரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் செய்முறையில் பிழையில்லை. வெங்காயம் தன் இலையில் மாவுச்சத்தைச் சேர்க்காமல் கரையும் சர்க்கரைகளாகவே வைத்துக்கொள்ளும். செம்பருத்தி கிடைக்காவிட்டால் பச்சையும் வெள்ளையும் கலந்த கோலியஸ் இலையை எடுக்கலாம், அதில் பச்சைப் பகுதி மட்டுமே நீலமாகும். ஆனால் ஆல்கஹாலில் இட்டபின் எது பச்சை, எது வெள்ளை என்று தெரியாது என்பதால், இலையின் படத்தை அதற்கு முன்பே தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.