மாஸ்க்கை இறுக்காதீர்கள்: சிபாப் மெஷினில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிக்காரத் தம்பி வந்திருந்தார். தூக்கத்தில் மூச்சு அடைபடுவதற்காக, மாஸ்க் வழியே அழுத்தமாகக் காற்றை ஊதி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. மூக்குத் தண்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "காத்து கசியுதுண்ணா. இன்னும் எவ்வளவுதான் இறுக்கறது?" என்றார். ஆறு வருடத்துக்கு முன் என் மூக்கிலும் இதே புண்.

மாஸ்க்கை இறுக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. எனக்கு மெஷின் கொடுத்தவர்கள் நாற்காலியில் உட்கார வைத்து, மாஸ்க்கை மாட்டி, வாரை இழுத்துவிட்டு அனுப்பினார்கள். ராத்திரி கசிந்தது. இறுக்கினேன். இன்னும் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். புண் தாங்காமல் மெஷினை பீரோ மேல் தூக்கி வைத்தேன்; எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. அந்த எட்டு மாதத்தில் ஒருநாள் ஏற்காட்டிலிருந்து கார் ஓட்டி இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் கண் சொருகியது. பக்கத்தில் இருந்த மனைவி கத்தியதால் பிழைத்தோம்.

மாஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் மெல்லிய சிலிக்கான் மடிப்பு ஒன்று இருக்கும். காற்று வந்ததும் அது உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாரை இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கிவிடும், கசிவு கூடும்.

தம்பியைக் கட்டிலில் படுக்க வைத்தேன். உட்கார்ந்தால் ஒரு முகம், படுத்தால் வேறு முகம். மெஷினைப் போட்டு, வாரை முழுக்கத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி மறுபடி உட்கார விட்டேன். அப்புறம் இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். சத்தம் நின்றது. வாருக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் தாராளமாக நுழைந்தது. அப்படியும் கசிந்தால் அளவு தவறு, அல்லது தூக்கத்தில் வாய் திறக்கிறது. மாஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும்.

மாஸ்க்கின் முன்னால் உள்ள சிறு துளைகள்

அது கசிவு இல்லை, நீங்கள் விடும் மூச்சு வெளியேறும் வழி. டேப் ஒட்டி அடைக்கவே கூடாது.

ஸ்லீப் ஸ்டடி இல்லாமல் மெஷின் வாங்குவது

தூங்கும்போது மூச்சை அளந்து பார்க்கும் பரிசோதனை இது. 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்று அதில்தான் தெரியும். 5 முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30-ஐத் தொட்டால் கடுமை. எனக்கு 42. அதைப் பார்த்துத்தான் மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்வார். பக்கத்து வீட்டுக்காரர் மெஷினில் வைத்திருக்கும் காற்றழுத்த அளவு உங்களுக்குச் சரிவராது.

"ஒல்லியாத்தானே இருக்கேன்"

இந்த மூச்சடைப்பு குண்டானவர்களுக்கு மட்டும் வருவதில்லை, தாடை சிறுத்தவர்களுக்கும் வரும்.

படுக்கும் முன் மது

தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து மூச்சு வழியை அடைக்கும். வேண்டாம்.

ஹியூமிடிஃபையரில் போர் தண்ணீர்

காற்றை ஈரப்படுத்த மெஷினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் ஹியூமிடிஃபையர். அதில் நம் ஊர் உப்பு வெள்ளையாகப் படியும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள், மிச்சத்தைக் காலையில் கொட்டிவிடுங்கள்.