பொந்தோஸ்: கடவுளா, நாடா? பிரித்தறிவதும் காசில் ஆண்டு படிப்பதும்

பொந்தோஸ் என்றால் கிரேக்கத்தில் முதலில் கடல். அந்தக் கடலையே ஓர் ஆளாகப் பார்த்தபோது கடவுள். கருங்கடலுக்கு ‘பொந்தோஸ் யூக்சைனோஸ்’, அதாவது விருந்தோம்பும் கடல், என்று பெயர். அதன் தென்கரையில், இன்றைய துருக்கியில் இருந்த நாட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நெய்தல் பூவுக்கும் நிலத்துக்கும் பெயரானது போலத்தான். ஆகவே கடவுளின் பெயரை நாட்டுக்கு வைத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

படிக்கும்போது பக்கத்தில் நிற்கும் பெயர்களைப் பாருங்கள். கையா, நெரியஸ், தௌமாஸ், போர்கிஸ், கீட்டோ, யூரிபியா என்று வந்தால் கடவுள்தான். பழங்கிரேக்கப் புலவர் ஹெசியோட் சொல்வதன்படி, நிலமகள் கையா துணையில்லாமல் பெற்ற மகன் இவர். சூலம் ஏந்தும் கடல் கடவுள் பொசைடனோ கையாவின் பேரன். இந்த இருவரையும் ஒருவராக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சிலையிலும் சூலத்தைத் தேட வேண்டாம்: ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சாவில் 1962-ல் கிடைத்த சிலையில், நற்பேறு தரும் ஃபார்ச்சூனா தேவியின் காலடியில் கப்பல் முனையோடு சின்ன உருவமாக நிற்கிறார்.

மித்ரிடேட்டஸ், ஃபார்னாசிஸ் என்ற மன்னர்களோ, அமேசியா, சினோப் என்ற நகரங்களோ வந்தால் நாடு. கி.மு. 63-ல் ஆறாம் மித்ரிடேட்டஸ் இறந்ததோடு அந்தப் பேரரசு முடிந்தது. தமிழ் பைபிளில் ஆக்கில்லாவின் ஊராக வரும் ‘பொந்து’ அதே நிலம்தான், ஆனால் ரோமர் காலத்தது.

நாடு என்று உறுதியானால், அதன் ஆண்டுகளை ஆறாம் மித்ரிடேட்டசின் வெள்ளிக் காசிலிருந்தே படிக்கலாம். நான்கு டிராக்மா (கிரேக்க நாணய அலகு) மதிப்புள்ள காசு, எடை ஏறக்குறைய 16.5 கிராம். முன்புறம் தலைப்பட்டை கட்டிய மன்னர். பின்புறம் மேயும் மான் அல்லது பெகாசஸ் என்ற இறக்கைக் குதிரை, பிறையும் விண்மீனும், சுற்றிலும் ஐவிக்கொடி வளையம். விலங்குக்கு வலப்பக்கம் இருப்பது ஆண்டு, அடியில் இருப்பது மாதம். இரண்டுமே கிரேக்க எழுத்தால் எழுதிய எண்கள்.

காமா, காப்பா, சிக்மா என்றிருந்தால் 3, 20, 200. சிறிய எண் முதலில் வருகிறது, அதில் குழம்பாமல் மூன்றையும் கூட்டுங்கள்: 223. அதை 298-லிருந்து கழித்தால் 75. அந்த நாட்டின் ஆண்டுக்கணக்கில் கி.மு. 297 இலையுதிர்காலத்தில் தொடங்கும் ஆண்டுதான் முதலாம் ஆண்டு, அதனால்தான் 298. இதே கணக்கில் 223-ஆம் ஆண்டு கி.மு. 75 இலையுதிர்காலம் முதல் 74 இலையுதிர்காலம் வரை. ‘கி.மு. 75’ என்று மட்டும் குறித்தால் பெரும்பகுதி தவறிவிடும். ‘75/74’ என்றே எழுதுங்கள். மாத எண் பத்து என்றால் 74-ன் கோடை.

ஒன்றோடொன்று பின்னிய எழுத்துகளை எண்ணாக எடுக்காதீர்கள். அவை காசுச்சாலைக் குறி. ஆண்டு இடத்தில் ஆல்ஃபா முதல் டெல்டா வரை ஒற்றை எழுத்து மட்டும் நின்றால் 298 கணக்கு செல்லாது. கழித்துப் பார்த்தால் கி.மு. 297-294 வரும், அப்போது இந்த மன்னர் பிறக்கவே இல்லை. அவை பெர்கமன் நகரம் அவர் கையில் இருந்தபோது தனியாக எண்ணிய ஆண்டுகள், ரோமோடு நடந்த முதல் போர்க்காலத்தவை.