வகுப்பிலேயே சின்னப் பிள்ளையா, பெரிய பிள்ளையா? முதலில் மாதக் கணக்கைப் பாருங்கள்

என் மகள் ஜூலை கடைசி வாரத்தில் பிறந்தவள். எல்கேஜியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பையன் அதற்கு முந்தைய ஆகஸ்டில் பிறந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே மிஸ், ஒரே நாலு கோடு நோட்டு, ஒரே டெஸ்ட். அவன் இவளைவிட பதினோரு மாதத்துக்கு மேல் மூத்தவன் என்பது அரையாண்டு விடுமுறை வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. "பாப்பா ரொம்ப மெதுவா எழுதுறாம்மா" என்று மிஸ் சொன்ன ஒவ்வொரு நாளும், சாயங்காலம் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து எழுத வைத்தேன், அவள் அழுதாள். அந்த அழுகை எந்த வீட்டிலும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்கள் பள்ளி எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறது என்று தெரிந்துகொள்வது. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31தான் கணக்கு: அன்றைக்கு 3 வயது நிறைந்திருந்தால் எல்கேஜி, 5 நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. ஆகவே அங்கே ஆகஸ்டில் பிறந்தவர்கள் வகுப்புக்கு மூத்தவர்கள், ஜூன் ஜூலையில் பிறந்தவர்கள் கடைக்குட்டிகள். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 கணக்கு, அதோடு 2022-23 கல்வியாண்டிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் சிபிஎஸ்இ பள்ளிகளில் இந்தத் தேதி பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆபீஸில் நேராகக் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. இங்கிலாந்தில் செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு, சிங்கப்பூரில் ஜனவரி 2இலிருந்து அடுத்த ஜனவரி 1 வரை.

தேதி தெரிந்த பிறகு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மூன்று வயதுக் குழந்தை வாழ்ந்தது மொத்தம் 36 மாதம், அதில் 11 மாத வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஐந்து வயதில் 60 மாதத்துக்கு 11. பத்தாம் வகுப்பில், பதினைந்து வயதில், 180 மாதத்துக்கு 11, அதாவது ஆறு சதவீதம்தான். வித்தியாசம் தானாகவே கரைகிறது. ஆனால் எல்கேஜியிலும் யுகேஜியிலும் ஒட்டுகிற "நல்லா படிக்கிற பையன்", "மந்தமான பொண்ணு" என்கிற பெயர் அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை, பிள்ளையே அதை நம்பத் தொடங்கிவிடும். பெற்றோர் காவல் காக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

இன்னும் சேர்க்கவில்லை, பிள்ளை கடைசித் தேதிக்குப் பக்கத்தில் பிறந்திருக்கிறது என்றால், ஒரு வருடம் பொறுக்கலாமா என்ற கேள்வி வரும். ஏ பி சி டி தெரியுமா என்று பார்க்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டுக்கு வந்தால் புது ஆளிடம் வாய்விட்டுச் சொல்கிறதா, டிபன் டப்பாவைத் திறந்து தானே சாப்பிடுகிறதா, "பையை வைத்துவிட்டு செருப்பைக் கழற்று" என்று இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் செய்கிறதா, நீங்கள் கண்ணில் படாமல் அரைநாள் இருக்கிறதா? இதில் பாதிக்கு இல்லை என்றால் நான் பொறுக்கத்தான் சொல்வேன், அதுவும் எல்கேஜிக்கு முன்பே. இரண்டாம் வகுப்பில் "இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல இருக்கட்டும்" என்றால் கூடப் படித்தவர்கள் எல்லாரும் மேலே போய்விட்டது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும், அந்த வலி வேறு. ஆனால் பொறுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் இலவசமாகக் கிடைக்கிற 25 சதவீத இடத்தில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பிறந்தவர்கள் என்று இரண்டு பக்கமும் வரம்பு உண்டு, கேந்திரிய வித்யாலயாவிலும் மேல்வரம்பு உண்டு. பொறுத்தால் அந்த இடம் கைநழுவலாம்.

பொறுப்பதைவிட முந்துவதில்தான் நம் ஊரில் ஆசை அதிகம். ஒரு காலத்தில் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் எதிர்க்காதைத் தொட்டால் சேர்த்துக்கொள்வார்கள், ஹெச்எம் அவராகவே ஒரு தேதியை எழுதிவிடுவார், அதனால்தான் நம் பெரியவர்கள் பலருக்கு மே, ஜூனிலேயே பிறந்தநாள். இப்போது அது நடக்காது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கு வயதுச் சான்றே பிறப்புச் சான்றிதழ்தான். எங்கேயாவது யாரையாவது பிடித்து முன்கூட்டியே சேர்த்தாலும் பின்னால் மாட்டும். நீட் எழுத, கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைய வேண்டும். விதிப்படி சேர்ந்த ஜூலைக் குழந்தைக்குக்கூட அப்போது பதினேழரை ஆகியிருக்கும், பயமில்லை. ஒரு வருடம் முந்திச் சேர்த்த ஜனவரிக் குழந்தைக்குத்தான் பிளஸ் டூ முடித்துவிட்டு சும்மா ஒரு வருடம் காத்திருக்க நேரும். ரயில்வே, வங்கி என்று மாற்றலாகிப் போகிற வேலையில் இருப்பவர்களும் பாருங்கள்: கேந்திரிய வித்யாலயாவில் இரண்டாம் வகுப்புக்கு 7 வயது வேண்டும், மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைக்கு அங்கே அடுத்த வகுப்பு கிடைக்காது.

சரி, ஏற்கெனவே சேர்த்தாயிற்று, பிள்ளைதான் வகுப்பிலேயே சின்னது. என்ன செய்யலாம்?

முதல் பெற்றோர் கூட்டத்திலேயே மிஸ்ஸிடம் பிறந்த மாதத்தைச் சொல்லிவிடுங்கள். குறையாகச் சொல்ல வேண்டாம், "இவ ஜூலை மிஸ், வகுப்புக்கே கடைக்குட்டி" என்றால் போதும். நாற்பது பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிறவருக்கு அது நினைவில் இருக்காது, நான் சொன்ன அன்றைக்கே எங்கள் மிஸ்ஸின் பேச்சு மாறியது. எழுதத் திணறினால் பென்சிலைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். சப்பாத்தி மாவை உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், பாசி கோக்கட்டும், விரலுக்குப் பலம் வந்தபின் கோடு தானாக நேராகும். என் மகளுக்கு அது வர ஏழெட்டு மாதம் ஆனது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு முந்தைய அவள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிசம்பர் 31தான் வகுப்புக் கணக்கு. அங்கே 2012இல் வெளியான ஆய்வில், வகுப்புக்கு இளையவர்களான டிசம்பர்ப் பையன்களுக்கு ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதமும், பெண் குழந்தைகளுக்கு 70 சதவீதமும் அதிகமாக ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைபாடு இருப்பதாக முடிவு கட்டியிருந்தது தெரிந்தது. டிசம்பரில் பிறந்தால் நோய் வருமா என்ன? வயதுக்குரிய துறுதுறுப்பு, ஒரு வருடம் மூத்தவர்கள் பக்கத்தில் கோளாறாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே "ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறான்" என்று பள்ளியில் சொன்னால் பிறந்த தேதியோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள், வகுப்பைச் சொல்லாமல் வயதைச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக எல்லாவற்றையும் சின்னப் பிள்ளைதானே என்று தள்ளிவிடவும் கூடாது. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் உடனே காட்டிவிட வேண்டும்.

விளையாட்டில் இந்தக் கணக்கே புரண்டுவிடும். செஸ் வயதுப் பிரிவுகளுக்கு ஜனவரி 1 கணக்கு, அங்கே ஜனவரிக் குழந்தை மூத்தது, டிசம்பர்க் குழந்தை இளையது. பிசிசிஐயின் 16 வயதுக்குட்பட்ட கிரிக்கெட்டுக்கு செப்டம்பர் 1, அதனால் நம் வகுப்பில் பெரியவனான ஆகஸ்ட் பையன் அங்கே போனால் கடைக்குட்டி. பத்து வயதில் தோற்றுக்கொண்டே இருக்கிற பிள்ளையை நிறுத்துவதற்கு முன் அந்தப் பிரிவில் எந்த மாதத்தில் பிறந்தவர்கள் ஜெயிக்கிறார்கள் என்று பாருங்கள்.

பெரிய பிள்ளைக்கு எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள். அப்புறம்தான் அந்த ஆகஸ்ட் பையனின் அம்மாவோடு பழகினேன். அவனுக்கு எல்லாமே முயற்சி இல்லாமல் வந்தது, மூன்றாம் வகுப்பில் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் ஆடிப்போய்விட்டான். ஆரம்பத்திலிருந்தே அவன் ரேங்க்கைப் புகழாமல், கஷ்டமான ஒன்றை முயன்று பார்த்ததைப் புகழ்ந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். "நீ பெரியவன்தானே" என்று எப்போதும் அவனையே லீடராக்கி சண்டைக்கெல்லாம் பொறுப்பாக்குவதையும் மிஸ்ஸிடம் பேசிக் குறைக்கச் சொல்லலாம். மூத்த பெண் குழந்தையென்றால் வகுப்பில் முதலில் வயதுக்கு வருவது அவளாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்காம் வகுப்பிலேயே வீட்டில் சொல்லிக்கொடுத்து, பையில் ஒரு நாப்கினும் மாற்று உடையும் வைத்து, வகுப்பாசிரியையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உயர வரிசையில் கடைசி பெஞ்சுக்குப் போகிறதும் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான், போர்டு தெரிகிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. வருடத்துக்கு ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.