காசியிலிருந்து காரில் திரும்புகிறீர்களா? கடைசி இரண்டு நாளில் செய்யக் கூடாதவை

போகும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் போகிறோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, டயரில் காற்றுப் பார்த்து, இருட்டுவதற்குள் ஏதாவது ஊர் சேர்ந்து அறை போட்டுப் படுத்துவிடுகிறோம். திரும்பும்போதுதான் கோளாறு. ஹைதராபாத்தைத் தொட்டதுமே மனசு மதுரை வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வண்டி மட்டும் ஆயிரம் கிலோமீட்டர் பின்னால் நிற்கிறது.

பழைய கணக்கில் இது 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வாரணாசியில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும், 2,369 கிலோமீட்டர். இப்போது அதில் பெரும்பகுதிக்கு 44 என்று எண். ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், பெங்களூர், சேலம் என்று தெற்கே இறங்கி வந்தால் மதுரை. நாங்கள் ஐந்து பேர் போனோம்: நான், என் வீட்டுக்காரர், மாமனார், மாமியார், பையன். ஓட்டுவது வீட்டுக்காரர் ஒருவர்தான். நான் முன் இருக்கை.

முதல் தவறு, மற்ற எல்லாத் தவறுக்கும் தாய்: "ஒரே மூச்சுல போயிரலாம்." ஹைதராபாத்தில் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். பெங்களூருக்கு முன்னால் தேவனஹள்ளியில் தங்குவதாகத் திட்டம். கர்னூலில் இட்லி சாப்பிடும்போது மாமனார் சொன்னார், "ராத்திரியே வீட்டுக்குப் போய் நம்ம கட்டில்ல படுத்தா நல்லாருக்கும்ப்பா." யாருக்குத்தான் ஆசையில்லை? வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஹைதராபாத் - பெங்களூர் சுமார் 570, அங்கிருந்து மதுரை சுமார் 435. சாப்பாடு, டீ, கழிப்பறை, பெங்களூர் நெரிசல் எல்லாம் சேர்த்தால் 17, 18 மணி நேரம் ஆகும். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷர், வீட்டு வாசலை நெருங்கும் நேரத்தில் குடித்தவர் மாதிரிதான் ஓட்டிக்கொண்டிருப்பார்.

எங்களுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை. மதியம் வயிறு முட்ட ஆந்திரா சாப்பாடு, பருப்புப் பொடியும் நெய்யுமாக. இரண்டரை மணி, அனந்தபூர் பக்கம், பின்னால் மூன்று பேரும் தூக்கம். எனக்கும் கண் சொக்கியது. திடீரென்று இடப்பக்க டயருக்கு அடியில் கரகரவென்று சத்தம். சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் வண்டி ஏறியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்வை எங்கேயும் இல்லை. "என்னங்க!" என்று கத்தியதும் நேராக்கினார். "நான் தூங்கலையே" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் அசந்தால் வண்டி 80 மீட்டருக்கு மேல் ஆளில்லாமல் ஓடுகிறது.

முகம் கழுவுவது, கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் ஐந்து, பத்து நிமிடத்துக்குத்தான். பலன் தருவது இதுதான்: ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, உடனே இருபது நிமிடம் தூங்குவது. காபி வேலை செய்யக் கிட்டத்தட்ட அரை மணி ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது. தூக்கம் வந்தால் பின்னால் போய்விட்டு, விழித்திருக்கிற ஆளை முன்னால் அனுப்புங்கள். தங்கும் அறைக்கு முந்தின நாளே முழுப் பணமும் கட்டிவிடுங்கள். போன பணம் திரும்பாது என்றால் மாமனாரே, "தங்கிட்டுப் போலாம்ப்பா" என்பார்.

அன்று தேவனஹள்ளியிலேயே தங்கினோம். அது இன்னொரு விதத்திலும் நல்லதாகப் போயிற்று, பெங்களூரைச் சாயங்காலத்தில் கடக்க நினைப்பது அடுத்த தவறு. வெள்ளிக்கிழமை மாலை என்றால் கேட்கவே வேண்டாம், பாதிப் பெங்களூர் ஓசூர் சாலையில்தான் நிற்கும். விடிவதற்குள் நகரத்தைத் தாண்டிவிட வேண்டும்.

சுங்கச்சாவடி விஷயம் சின்னதுதான். சுங்கத்துக்கு ஆண்டுச் சீட்டு வாங்கியவர்கள் பாஸ்டேக்கில் இருப்பு வைக்காமல் கிளம்புகிறார்கள். அந்தச் சீட்டு தேசிய நெடுஞ்சாலைகளுக்குத்தான், மாநில அரசுகளின் சாலைகளில் செல்லாது. அங்கே இருப்பில்லாமல் போய் நிற்காதீர்கள்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டியதும் "நம்ம ஊரு வந்தாச்சு" என்று எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வரப்போவது தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் முழுக்க இறக்கம், விபத்துக்குப் பேர்போன இடம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் லாரிகள் அங்கே பிரேக் பிடிக்காமல் முன்னால் நிற்பதையெல்லாம் இடித்துத் தள்ளியிருக்கின்றன. நீங்களும் நியூட்ரலில் போகாதீர்கள். மூன்றாவது கியர், தேவைப்பட்டால் இரண்டாவது, பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இறங்குவது தற்கொலை.

இதில் நாங்கள் பண்ணிய கூத்து வேறு. பத்து நாள் பயணத்தில் காருக்குள் வீடே குடிவந்துவிடும். பின் கண்ணாடியை மறைத்து புடவைப் பைகள், காலடியில் நாக்பூர் ஆரஞ்சுத் தோல், காலித் தண்ணீர் பாட்டில்கள். தர்மபுரி தாண்டி ஒரு வேகத்தடையில் பிரேக் போட்டபோது, அவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு லிட்டர் பாட்டில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்குப் பின்னால் செருகிக்கொண்டது. வேகம் குறைந்திருந்ததால் காலால் தட்டிவிட்டு ஓரம் கட்டினார். கணவாயில் நடந்திருந்தால்? அங்கேயே நின்று எல்லாவற்றையும் டிக்கிக்கு மாற்றினோம். கனமானது கீழே, பின் கண்ணாடி காலி, ஓட்டுபவர் காலடியில் ஒரு துரும்பு இருக்கக் கூடாது. டிக்கி நிறைந்த வண்டிக்குக் காற்றும் கூட வேண்டும். அளவு கதவோரத்தில் ஒட்டியிருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களின் மாத்திரையை நாள் கணக்குக்கு மேல் நான்கு நாளுக்குச் சேர்த்து எடுங்கள். அதை டிக்கியின் அடியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, ராமேஸ்வரம். கங்கைத் தீர்த்தத்தை ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவு என்பது வழக்கம். அதனால் மதுரை வந்த மறுநாள் விடியற்காலையே அக்னி தீர்த்தத்தில் நிற்க வேண்டும் என்று பலர் நாள் குறித்துவிடுகிறார்கள். அது மேலும் 170 கிலோமீட்டர், அதே அசந்த மனுஷர் கையில். மாமியார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் சரி என்றார். காசிச் சொம்பு பூஜை அறையில் பதினோரு நாள் இருந்தது. நாங்கள் ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனோம்.