மேலிடத்து மின்னஞ்சலில் அரசின் வரி ரகசியம் வந்தால் என்ன செய்வது?

சிட்னியில் வரி முகவராக இருக்கிறேன். கணக்கு நிறுவனங்களில் புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் சம்பளத்தைப் பற்றியும் சிபிஏ என்ற கணக்காளர் தகுதித் தேர்வைப் பற்றியும்தான் கேட்பார்கள். நானோ மேலிடத்து மின்னஞ்சலை எப்படிப் படிப்பது என்று வம்படியாகச் சொல்லிக்கொடுப்பேன்.

பெரிய கணக்கு, ஆலோசனை நிறுவனமான பிடபிள்யூசியின் விவகாரம்தான் காரணம். பன்னாட்டு நிறுவனங்களின் வரித் தவிர்ப்பைத் தடுக்கும் சட்டத்துக்காக ஆஸ்திரேலியக் கருவூலத் துறை வெளி நிபுணர்களிடம் யோசனை கேட்டது. பிடபிள்யூசியின் சர்வதேச வரிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பீட்டர் காலின்ஸ், ரகசியம் காப்பதாக மூன்று ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர். அறிந்ததைச் சக ஊழியர்களிடம் சொன்னார். 2016 ஜனவரி 1-இல் சட்டம் அமலாகும் முன்பே, அதிலிருந்து நழுவும் வழியை வாடிக்கையாளர்களுக்கு விற்கும் வேலை உள்ளே நடந்தது. வேலியே பயிரை மேய்ந்தது. 2023-இல் விஷயம் வெளியே வந்தது; மே மாதம் செனட் வழியாக 144 பக்க மின்னஞ்சல்கள் வெளியாகின. தலைமை நிர்வாகி டாம் சீமோர் விலகினார். நிறுவனத்தின் அரசு ஆலோசனைப் பிரிவு ஒரு டாலருக்குக் கைமாறியது. பூட்டை உடைத்தவர் யாருமில்லை. ஒருவர் ஃபார்வர்டு செய்தார், மற்றவர்கள் படித்தார்கள்.

அந்த "மற்றவர்கள்" பட்டியலில் நாளை நீங்கள் இருக்கலாம். "இது நமக்குள் இருக்கட்டும்", "இன்னும் அறிவிக்கவில்லை", "அடுத்த வாரக் கூட்டத்துக்குப் பிறகு உறுதியாகும்" என்ற வாசகங்களைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். இணைப்பைத் திறக்காதீர்கள். கருவூலத் துறை இணையதளத்தின் கலந்தாய்வுப் பக்கத்தில் அதே விஷயம் வெளியாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்துவிட்டு வேலையைப் பாருங்கள். இல்லையென்றால் அது ரகசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பயத்தில் பலர் செய்வது, மின்னஞ்சலை அழிப்பது. கூடவே கூடாது, பின்னால் அது சாட்சியத்தை மறைத்ததாகத் தெரியும். பதில் போடவும் வேண்டாம். எப்போது வந்தது, யார் யாருக்குப் போனது என்று குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் சட்டப் பிரிவையோ இடர் மேலாண்மைப் பொறுப்பாளரையோ தொலைபேசியில் அழையுங்கள். புகாரோடு அதே மின்னஞ்சலை இணைத்து அனுப்பினால் ரகசியம் இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று பதியும் டைம்ஷீட்டில் கவனமாக இருங்கள். "வரவிருக்கும் சட்டம் குறித்து வாடிக்கையாளருக்கு ஆலோசனை, 1.5 மணி நேரம்" என்று எழுதச் சொன்னால், எந்த வெளியான ஆவணத்தை வைத்து என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுதாதீர்கள். கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். மேலே இருக்கும் பங்குதாரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கருவூலத் துறை கலந்தாய்வுக்கு உங்களையே அழைத்தால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள்: அது கட்டுப்படுத்துவது உங்களையா, நிறுவனத்தையா; சக ஊழியரிடம் பேச அனுமதி உண்டா; எப்போது முடிகிறது. அதே துறையில் வாடிக்கையாளர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது இது வெறும் நல்லொழுக்கம் அல்ல. அரசு நம்பிச் சொன்னதை அனுமதியின்றி வெளியிடுவதையும் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவதையும் வரி முகவர்களுக்கான 2024-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடுக்கின்றன. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இவை 2025 ஜனவரி 1 முதல், சிறியவற்றுக்கு ஜூலை 1 முதல். பதிவுபெற்ற முகவர், இன்னொரு பதிவுபெற்ற முகவரின் பெரிய மீறலை அறிந்தால் 30 நாளுக்குள், வரி முகவர்களைக் கண்காணிக்கும் வரி நடைமுறையாளர் வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

உள்ளே சொல்லியும் மூடி மறைத்தால் அதே வாரியத்திடம் நேரடியாகப் போகலாம். 2024 ஜூலை 1 முதல் அப்படிச் சொல்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. போகும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். ஆதாரம் என்று நினைத்து எதையும் வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். எதைக் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்பதை அவரிடமே கேளுங்கள்.