முதல் வள்ளம் வாங்குமுன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

கேரளத்தின் பூவார், பொழியூர் பக்கம் பழைய ஃபைபர் வள்ளம் (சின்னப் படகு) விலைக்கு வருகிறது என்று தெரிந்தால், எல்லைக்கு இப்பால் கொல்லங்கோட்டிலிருந்து நாலு பேராவது பைக்கில் கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படிப் போனவன்தான். நீல பெயிண்ட் பளபளவென்று இருந்தது. எத்தனை குதிரைச் சக்தி என்று மட்டும் கேட்டேன், முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஃபைபர் வேலை தெரிந்த ஓர் அண்ணனைக் கூட்டிப் போனேன். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. நேரே பின்னால் போய், எஞ்சினின் அடிக்காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார். எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகையும் சேர்ந்து வளைந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். ஓரத்தில் 'டக் டக்' என்றது. போல்ட் பக்கத்தில் 'தொப்'. வெளியே ஃபைபர் என்றாலும் உள்ளே இருப்பது பிளைவுட். போல்ட் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி ஊறி, உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். அப்புறம் எஞ்சினின் கீழ்த் திருகைக் கழற்றினார். கியர் ஆயில் பால் காப்பி நிறத்தில் வழிந்தது. சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பணம் போனால் போகட்டும் என்று திரும்பிவிட்டோம்.

மீன்பிடிக்கு ஓடிய மண்ணெண்ணெய் எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். வாரம் ஒரு நாள் ஓட்டுபவருக்கு அது சரிப்படாது. மலிவு என்பதற்காகப் பெரிய எஞ்சினைச் சின்ன வள்ளத்தில் மாட்டுவதும் வேண்டாம். பின்பக்கம் தாழ்ந்து, வேகத்தைக் குறைத்தவுடன் பின்னால் வரும் அலை உள்ளே ஏறும். சத்தமில்லாமல் காயலில் சுற்றினால் போதும் என்பவருக்கு எஞ்சினே எதற்கு? துடுப்புப் போட்டு ஓட்டும் நல்ல கயாக் ஒன்று வாங்கலாம். அதைப் பாறையில் இழுக்காமல், வெயிலில் போட்டுவைக்காமல் இருந்தால் பல வருஷம் உழைக்கும்.

மீன்பிடி வள்ளத்தை வாங்கி, மேலே கூரையும் நாற்காலியும் போட்டு உல்லாசப் படகாக்கும் ஆசை பலருக்கு உண்டு. எடை மேலே ஏற ஏற வள்ளம் சாயத் தயாராகிறது. 2023 மே 7 அன்று மலப்புறம் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்டதும் மீன்பிடிப் படகிலிருந்து மாற்றப்பட்ட ஒன்றுதான். அளவுக்கு மீறி ஆளும் ஏற்றியிருந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் அடுக்கிவைப்பதும் வாங்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

காகிதம் இல்லாத வள்ளம் என்றால் தொடவே வேண்டாம். எஞ்சின் வைத்த உள்நாட்டுப் படகுக்கு 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுக்கச் செல்லும் என்பது நம்மைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு நிம்மதி. விற்பவர் பெயரும் பதிவிலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

காயலில் நன்றாக ஓட்டிப் பழகிவிட்டோம் என்று பொழிமுகத்துக்குப் போவது அடுத்த தப்பு. ஆறு கடலில் சேரும் வாய் அது; வெளியே போகிற நீரும் உள்ளே வருகிற அலையும் மோதுகிற இடம். மழைக்காலத்தில் நெய்யாற்றுப் பொழியாகட்டும், தேங்காய்ப்பட்டணத்து முகமாகட்டும், கடலில் பிறந்து வளர்ந்தவர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள்.

பராமரிப்பு என்றதும் எல்லோரும் வள்ளத்தின் உடம்பைக் கழுவுகிறார்கள், எஞ்சினின் வயிற்றைக் கழுவுவதில்லை. உப்பு அங்கேதான் தங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹோஸ் மாட்டி, பத்து நிமிஷம் நல்ல தண்ணீர் ஓட விடுங்கள். தண்ணீர் கொடுக்காமல் 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்றால், தண்ணீரை இழுக்கும் பம்பிலுள்ள ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) கருகிவிடும். எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் பீச்சும் நீர்த்தாரை மெலிந்தாலும் உடனே நிறுத்துங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அதனால் மழை மாதங்களில் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

எஞ்சினின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதே அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். பிறகு நான் வாங்கிய வேறொரு வள்ளத்தில், அழகாக இருக்கட்டும் என்று அதன் மேலும் பெயிண்ட் அடித்து வைத்தேன். பெயிண்டுக்குள் அடைபட்ட கட்டி அப்படியே இருந்தது, அடிக்காலில் குழி விழுந்திருந்தது.

அதைவிட வெட்கக்கேடு, தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பானை மாட்டாமல் வள்ளத்தை இறக்கியது. கரையிலிருந்து முப்பது அடி போவதற்குள் கணுக்கால் நனைந்தது. இப்போது அந்த அடைப்பானும் எஞ்சின் சாவியும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன.