இரண்டு நிஜம், ஒரு பொய்

டொரண்டோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் குழுவில் இருந்த பன்னிரண்டு பேரையும் ஓர் அறையில் வட்டமாக உட்கார வைத்தார்கள். ஏதோ முக்கியமான கூட்டம் என்று நான் நோட்டும் பேனாவுமாகப் போயிருந்தேன். மேலாளர் சொன்னார்: "ஒவ்வொருவரும் உங்களைப் பற்றி மூன்று விஷயம் சொல்லுங்கள். இரண்டு நிஜம், ஒன்று பொய். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்."

என் முறை வந்தபோது வாயில் வந்தது இதுதான்: கல்லூரியில் நான் முதல் மதிப்பெண், பதினோரு வருட அனுபவம் இருக்கிறது, டெல்லியில் வேலை பார்த்திருக்கிறேன். "டெல்லிதானே பொய்?" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். நான் வாசித்தது பயோடேட்டா என்று எனக்கு உறைத்ததே மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சொன்னது: எனக்கு இரட்டைச் சகோதரி உண்டு, பூனை என்றால் தும்மல் வரும், சைக்கிள் ஓட்டத் தெரியாது. அடுத்த இரண்டு வாரத்துக்கு ஆபீஸில் எல்லோருக்கும் அந்தப் பெண்ணோடு பேச ஏதோ ஒன்று இருந்தது. என்னிடம் வந்து கல்லூரி மதிப்பெண்ணைப் பற்றி யார் பேசுவார்கள்?

புதியவர்களின் கூச்சம் போக ஆடும் இந்த மாதிரி விளையாட்டை ஐஸ்பிரேக்கர் என்பார்கள். கனடாவுக்குப் புதிதாக வந்திருந்தால் உங்களுக்கும் சீக்கிரமே இது வாய்க்கும். வேலையில், கல்லூரி ஓரியன்டேஷனில், பிஆர் எனும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கு அரசு இலவசமாக நடத்தும் லிங்க் ஆங்கில வகுப்பில், நூலகத்தில் ஆங்கிலம் பேசிப் பழகும் குழுவில், எங்கே வேண்டுமானாலும் வரும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுங்க வேண்டாம். ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடியிருப்பீர்களே, திருடன் சீட்டு கையில் வந்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று திண்டாடியிருப்பீர்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான் இது. அங்கே புள்ளிக் கணக்கு உண்டு. இங்கே யாரும் கணக்கு வைப்பதில்லை. உங்கள் பொய் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டாலும் நஷ்டமில்லை.

சரி, என்ன சொல்வது? சாதனைகளை விட்டுவிடுங்கள். நமக்குச் சாதாரணமாக இருப்பதைத் தேடுங்கள். பெரும்பாலும் அதுதான் இவர்கள் காதில் பொய்யாக விழும். அடுத்த முறை நான் சொன்ன மூன்று: என் அப்பா, நான், என் மகள் மூவருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறு. எங்கள் அம்மா தினமும் காலையில் வாசலில் அரிசி மாவில் படம் வரைவார், அதை எறும்பு தின்றுவிடும். எனக்கு நீச்சல் தெரியும்.

ஏறக்குறைய எல்லோரும் பெயரைத்தான் பொய் என்றார்கள். ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயரா, தத்தெடுத்த பிள்ளையா என்றுகூட ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும், பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்துப் பின்னால் போட்டிருக்கிறோம் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். அதுவரை என்னை என் அப்பா பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு நிறுத்தினார்கள். மனிதவளப் பிரிவுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பியும் ஆகாத காரியம் அது. நீச்சல்தான் பொய் என்பதை யாரும் கவனிக்கவே இல்லை.

அடுத்து அதிகம் ஆடப்படுவது 'நான் யார்?'. ஒரு பிரபலத்தின் பெயரை எழுதி உங்கள் நெற்றியிலோ முதுகிலோ ஒட்டிவிடுவார்கள். ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்விகளாகக் கேட்டு நீங்களே அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பெயர்களாக அடுக்காதீர்கள். உயிரோடு இருப்பவரா, பெண்ணா, விளையாட்டு வீரரா என்று கூட்டத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கேள்வியும் சரிபாதியாக வெட்டினால் இருபது கேள்வியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களிலிருந்து ஒன்றைப் பிடித்துவிடலாம்.

இதில் நம் ஆட்கள் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. ஒருமுறை எதிரே இருந்தவர் நெற்றியில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒட்டியிருந்தது. புற்றுநோயால் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு 1980-இல் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பியவர். 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்தினார். மறு வருடம் இறந்தார். (உங்கள் பிள்ளை செப்டம்பரில் பள்ளியிலிருந்து இவர் பெயரில் நடக்கும் ஓட்டத்துக்கு ஒரு தாள் கொண்டுவரும், அப்போது உதவும்.) நெற்றிக்காரர் கேட்டார்: "நான் உயிரோடு இல்லையா?" நான் தமிழ் வழக்கத்தில், ஆமாம், இல்லை என்ற அர்த்தத்தில், "யெஸ்" என்றேன். ஆங்கிலக் காதுக்கு அது "உயிரோடு இருக்கிறார்" என்று விழும். பாவம், இன்றைய ஹாக்கி வீரர்கள் பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்லித் தீர்த்தார். 'இல்லையா' என்று முடியும் கேள்விக்கு வெறும் யெஸ், நோ சொல்லாமல் "அவர் இறந்துவிட்டார்" என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். தலையாட்டலும் அப்படித்தான். நாம் சரி என்று பக்கவாட்டில் ஆட்டுவது இவர்களுக்கு முடியாது என்றோ, யோசிக்கிறார் என்றோ தெரியும்.

உங்கள் நெற்றியில் டெர்ரி ஃபாக்ஸ், ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி, வயோலா டெஸ்மண்ட் என்று வந்தால் முழிக்க வேண்டியிருக்கும். வயோலாவின் முகத்தைப் பத்து டாலர் நோட்டில் பார்த்திருப்பீர்கள். 1946-இல் நோவா ஸ்கோஷியாவில் சினிமா தியேட்டரில் வெள்ளையர் பகுதியை விட்டு எழ மறுத்தவர். தெரியாத பெயர் வந்தால் "இவரை எனக்குத் தெரியாது, வேறு கொடுங்கள்" என்று கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை. "பாஸ்" என்றால் போதும். விசா, சம்பளம், உடல்நிலை இவற்றை ஆட்டத்துக்குள் இழுக்காதீர்கள். மற்றவரின் வயதை ஊகிக்கவும் வேண்டாம். "முதல் செல்லப்பிராணியின் பெயர்", "அம்மாவின் கன்னிப் பெயர்" போன்ற கேள்விகள் வந்தால் சிரித்துக்கொண்டே நழுவுங்கள், வங்கி பாதுகாப்புக்காகக் கேட்கும் கேள்விகளும் அவைதான். மாணவர் விருந்துகளில் "நான் ஒருபோதும் செய்ததில்லை" என்ற ஆட்டத்தை மதுவோடு ஆடுவார்கள் (ஒருவர் தான் செய்யாததைச் சொல்ல, அதைச் செய்தவர்கள் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும்), கோப்பையில் ஜூஸை வைத்துக்கொண்டும் ஆடலாம்.

ஆட்டம் முடிந்ததும் போனில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். யாருக்குப் பூனை ஆகாது, யார் நியூஃபவுண்ட்லாந்தில் வளர்ந்தவர் என்று. திங்கட்கிழமை காபி மெஷின் பக்கத்தில் நிற்கும்போது வானிலையைத் தவிர கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கும். பூனைக்குத் தும்முகிற பெண்ணிடம் நான் கேட்டேன், இரட்டைச் சகோதரி எங்கே இருக்கிறார் என்று. "அதுதான் பொய்" என்றார். எல்லோரும் சைக்கிள்தான் பொய் என்று சொன்னதால் அவரும் அப்படியே விட்டுவிட்டாராம்.